மூளையில் ஒரு ஊசிக்குத்து... ரத்தத்தில் ஏறிய சர்க்கரை! யார் இந்த கிளாட் பெர்னார்ட்?

ராத்திரி ரெண்டே இட்லி. அதுக்கப்புறம் தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் வைக்கவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தால், ரிப்போர்ட்டில் சுகர் 140 என்று வருகிறது. சாப்பிடவே இல்லையே, இந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

சர்க்கரை நோய் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கான விடையை உலகுக்கு முதலில் சொன்னவர் பிரான்ஸைச் சேர்ந்த ஒரு விவசாயியின் மகன். ரத்தத்தில் உள்ள சர்க்கரை வயிற்றிலிருந்து மட்டும் வருவதில்லை, கல்லீரலே அதைத் தயாரித்து அனுப்புகிறது என்று சொன்னவரும் அவர்தான். அந்தக் கல்லீரலை மூளையால் ஆட்டிவைக்க முடியும் என்று காட்டியவரும் அவர்தான். சொன்னது இன்று நேற்றல்ல, 175 ஆண்டுகளுக்கு முன்பு.

மூளையில் சுரக்கும் பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி ரத்தச் சர்க்கரையையும் உடல் எடையையும் பாதிக்கிறது என்று இப்போது ஆய்வுகள் வருகின்றன. அந்தப் பாதைக்கு முதல் கல் நட்டவர் கிளாட் பெர்னார்ட். யார் இவர்? என்ன செய்தார்? அதற்காக எதையெல்லாம் இழந்தார்? விரிவாகப் பார்ப்போம்.

திராட்சைத் தோட்டத்துப் பையன்

1813 ஜூலை 12. பிரான்ஸின் லியோன் நகருக்கு வடக்கே, ஒயினுக்குப் பேர்போன போஜொலே பகுதியில் உள்ள செயின்ட் ஜூலியன் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார் கிளாட் பெர்னார்ட். அப்பா திராட்சை விவசாயி. வசதியான குடும்பம் என்று சொல்ல முடியாது. ஊர்ப் பாதிரியாரிடம் கொஞ்சம் லத்தீன் படித்தார். பிறகு பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் படிப்பு. பெரிய கெட்டிக்கார மாணவர் என்று யாரும் பேசியதில்லை.

படிப்பைத் தொடரப் பணம் போதவில்லை. 18, 19 வயதில் லியோன் புறநகரில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்தார். கடையைப் பெருக்குவது, பாட்டில் கழுவுவது, மருந்துகளை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, இதுதான் வேலை.

அந்தக் கடையில் ஒரு மருந்து அமோகமாக விற்றது. பெயர் தெரியாக். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று நூற்றாண்டுகளாக ஐரோப்பா நம்பிய லேகியம் அது. கடையில் கெட்டுப்போன மருந்து, மிஞ்சிய பொடி, வீணாப்போன கஷாயம் எல்லாம் கடைசியில் அந்த லேகியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தன. அதையும் மக்கள் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டார்கள். சிலருக்குக் குணமானதாகவும் சொன்னார்கள்!

இளைஞர் பெர்னார்டுக்கு மருத்துவத்தின் மீது அவநம்பிக்கை விழுந்த இடம் அதுதான். சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்ற பிடிவாதம் கடைசி வரை அவரோடு இருந்தது.

நாடக ஆசிரியர் ஆக ஆசைப்பட்டவர்

விஞ்ஞானி ஆக வேண்டும் என்று அவர் கனவு கண்டதே இல்லை. அவருக்கு நாடகம்தான் உயிர். லியோனில் அவர் எழுதிய ஒரு குட்டி நகைச்சுவை நாடகம் மேடையேறி, கொஞ்சம் பெயரும் கிடைத்தது. அந்தத் தைரியத்தில் ஐந்து அங்கங்கள் கொண்ட ஒரு சரித்திர நாடகத்தை எழுதி, 1834-ல் கையெழுத்துப் பிரதியோடு பாரிஸுக்கு வண்டி ஏறினார்.

அங்கே செயின்ட் மார்க் ஜிரார்டின் என்ற பிரபல விமர்சகரைச் சந்தித்தார். அவர் நாடகத்தைப் படித்தார். பையனுக்குத் திறமை இருக்கிறது, ஆனால் இதை நம்பிச் சாப்பிட முடியாது என்று அவருக்குப் பட்டது. மருந்துக்கடை அனுபவம் இருப்பதால் மருத்துவம் படித்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் எழுதும்படி அறிவுரை சொன்னார்.

அப்படித்தான் பெர்னார்ட் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார். அங்கேயும் பெரிதாகப் பிரகாசிக்கவில்லை. 1839-ல் மருத்துவமனைப் பயிற்சி மருத்துவருக்கான போட்டித் தேர்வில் தேறிய 29 பேரில் அவர் 26-வது. கூடப் படித்தவர்களுக்கு அவர் கூச்ச சுபாவம் உள்ள, அதிகம் பேசாத ஆள். அவ்வளவுதான்.

மஜாந்தியின் கண்ணில் பட்ட கைகள்

திருப்புமுனை பிரான்ஸுவா மஜாந்தி. அன்றைய பிரான்ஸின் முன்னணி உடலியல் அறிஞர், காலேஜ் டி பிரான்ஸில் பேராசிரியர். புத்தகத்தில் இருப்பதை ஒப்பிக்காமல் உயிருள்ள விலங்குகளில் சோதனை செய்து காட்டுபவர். அவரிடம் உதவியாளராகப் போன பெர்னார்ட், அறுவைக் கத்தியைப் பிடித்த விதத்தைப் பார்த்தே மஜாந்தி அசந்துபோனதாகச் சொல்வார்கள். 1841-ல் அவரைத் தன் சோதனைக்கூட உதவியாளராகவே வைத்துக்கொண்டார்.

கூடம் என்றால் இன்றைய ஏசி லேபை நினைக்கக் கூடாது. இருட்டு, ஈரம், காற்றோட்டம் இல்லாத ஒரு அறை. அந்த ஈரத்தில் நின்று நின்றே அவர் உடம்பு பிற்காலத்தில் கெட்டுப்போனது என்று நண்பர்கள் வருத்தப்பட்டார்கள்.

1843-ல் இரைப்பை நீர் பற்றிய ஆய்வுக்கு மருத்துவர் பட்டம். அடுத்த ஆண்டு கல்லூரி ஆசிரியர் பதவிக்கான தேர்வு எழுதினார். தோல்வி. சரியாகப் பேச வரவில்லை என்பதுதான் சிக்கல்.

தப்பியோடிய நாயும் போலீஸ் அதிகாரியும்

இந்தக் காலத்தில் நடந்த ஒரு சம்பவம், படம் எடுக்கலாம் போல இருக்கும். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பெரிய அறுவை மருத்துவர் சோதனையைப் பார்க்க ஆசைப்பட்டார். பெர்னார்ட் ஒரு நாயின் வயிற்றில் சின்னக் குழாய் ஒன்றைப் பொருத்திக் காட்டினார். ராத்திரி அந்த நாய் குழாயோடு தப்பி ஓடிவிட்டது.

சில நாள் கழித்து போலீஸ் அதிகாரி ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. விஷயம் என்னவென்றால், அது அந்த அதிகாரியின் சொந்த நாய்! தெருவில் பிடித்து விற்கிறவர்கள் அதைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பெர்னார்ட் நடந்ததை மறைக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, குழாயை எடுத்துவிட்டார். நாய் பிழைத்துக்கொண்டது. அதிகாரிக்குக் கோபம் தணிந்ததோடு, அக்கம்பக்கத்தினர் புகார் கொடுக்கும்போதெல்லாம் பெர்னார்டுக்குத் துணையாகவும் நின்றார்.

கேட்கச் சுவாரஸ்யமான கதைதான். ஆனா இதே நாய்கள் பின்னால் அவர் வீட்டுக்குள்ளேயே பெரிய பிளவை உண்டாக்கின.

வரதட்சணையில் ஓடிய ஆராய்ச்சி

1840-களின் நடுவில் பெர்னார்டின் கையில் காசு இல்லை. நிரந்தர வேலையும் இல்லை. ஊருக்கே திரும்பிப் போய் கிராமத்து டாக்டராகிவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். நண்பர்கள் ஒரு வழி சொன்னார்கள். வசதியான வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்.

1845-ல் பாரிஸ் மருத்துவர் ஒருவரின் மகளான மேரி ஃபிரான்ஸுவாஸ் மார்டினைத் திருமணம் செய்துகொண்டார். எல்லோரும் அவரை ஃபேனி என்று அழைத்தார்கள். ஃபேனி கொண்டுவந்த வரதட்சணைதான் பெர்னார்டை ஆராய்ச்சியில் நீடிக்க வைத்தது. கணவர் பேர் சொல்லும் டாக்டராக வருவார், நல்ல பிராக்டீஸ் இருக்கும் என்பது ஃபேனியின் எதிர்பார்ப்பு. கணவரோ நோயாளிகளைப் பார்ப்பதற்குப் பதில் நாய்களோடும் முயல்களோடும் இருந்தார். வீடு திரும்பும்போது சட்டையில் ரத்தக் கறை.

மேசை மேல் முயல்கள் கொடுத்த துப்பு

1846-ல் ஒருநாள் சந்தையிலிருந்து சில முயல்கள் கூடத்துக்கு வந்தன. மேசையில் விட்டதும் அவை சிறுநீர் கழித்தன. வேறு யாராக இருந்தாலும் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பெர்னார்ட் உற்றுப் பார்த்தார். சிறுநீர் தெளிவாக இருந்தது.

இதில் என்ன ஆச்சரியம்? புல் தின்னும் பிராணிகளின் சிறுநீர் கலங்கலாக இருக்கும். தெளிவான, அமிலத்தன்மை உள்ள சிறுநீர் மாமிசம் தின்னும் பிராணிகளுக்குத்தான். அப்படியானால் இந்த முயல்கள் பல மணி நேரம் பட்டினி கிடந்திருக்க வேண்டும். தீனி இல்லாததால் தங்கள் உடம்பையே தின்று வாழ்கின்றன, அதாவது மாமிசப் பிராணிகளாக மாறிவிட்டன என்று ஊகித்தார்.

ஊகத்தோடு நிற்கவில்லை. புல் போட்டார், சிறுநீர் கலங்கியது. பட்டினி போட்டார், தெளிந்தது. கடைசியில் வேகவைத்த மாட்டிறைச்சியையே முயல்களுக்குக் கொடுத்தார். அப்போதும் தெளிவாகவே இருந்தது. ஊகம் சரி!

அந்த முயல்களை அறுத்துப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. குடலில் கணைய நீர் வந்து சேரும் இடத்துக்குக் கீழேதான் கொழுப்பு ஜீரணமாகி வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு மேலே இல்லை. கொழுப்பைச் செரிக்க வைப்பதில் கணையத்தின் பங்கு இப்படித்தான் பிடிபட்டது. தேடிப் போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

இறைச்சி மட்டும் தின்ற நாயின் ரத்தத்தில் சர்க்கரை எப்படி?

இனிமேல்தான் முக்கியமான கட்டம். அன்றைய விஞ்ஞானம் என்ன நம்பியது தெரியுமா? சர்க்கரையைத் தயாரிக்கும் சக்தி தாவரங்களுக்கு மட்டுமே உண்டு. விலங்குகளும் மனிதர்களும் அதைச் சாப்பிட்டு எரிக்க மட்டுமே முடியும். பெரிய வேதியியல் மேதைகள் சொன்னது இது. யாரும் மறுத்துப் பேசவில்லை.

பெர்னார்டும் அதை நம்பித்தான் ஆரம்பித்தார். உடம்புக்குள் போன சர்க்கரை எந்த இடத்தில் எரிந்து காணாமல் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் திட்டம். ஒரு நாய்க்குச் சர்க்கரை கலந்த உணவு கொடுத்தார். கல்லீரலிலிருந்து வெளியே வரும் ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. எதிர்பார்த்ததுதான்.

ஒப்பீட்டுக்காக இன்னொரு நாய்க்கு வெறும் இறைச்சி மட்டும் கொடுத்தார். அந்த நாயின் கல்லீரலிலிருந்து வரும் ரத்தத்திலும் சர்க்கரை! ஆனால் குடலிலிருந்து கல்லீரலுக்குள் போகும் ரத்தத்தில் சர்க்கரை இல்லை. உள்ளே போகும்போது இல்லாதது, வெளியே வரும்போது இருக்கிறது. அப்படியென்றால் கல்லீரல்தான் அதைத் தயாரிக்கிறது. 1848-ல் இதை அறிவித்தார்.

காலையில் வெறும் வயிற்றில் வரும் சுகர் கணக்குக்கு விடை இதுதான். நம் ரத்தம் முழுவதிலும் சேர்த்து இருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் அளவுதான். மூளையோ உடல் எடையில் 2 சதவீதம் மட்டுமே இருந்துகொண்டு, ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. நாம் தூங்கினாலும் அது தூங்காது. அதற்குத் தீனி போட, கல்லீரல் ராத்திரி முழுக்கச் சர்க்கரையை அவிழ்த்து விட்டுக்கொண்டே இருக்கிறது. சர்க்கரை நோயில் இந்தக் குழாயை மூட வேண்டிய நேரத்தில் சரியாக மூட முடிவதில்லை. அதனால்தான் சாப்பிடாமலே சுகர் ஏறுகிறது.

நேரம் இல்லாததால் கிடைத்த கண்டுபிடிப்பு

சரி, கல்லீரல் அந்தச் சர்க்கரையை எதிலிருந்து தயாரிக்கிறது? இதற்கு விடை கிடைத்தது ஒரு தாமதத்தால்.

ஒரே கல்லீரலில் சர்க்கரை அளவை இரண்டு முறை சோதிப்பது பெர்னார்டின் வழக்கம். ஒருநாள் நேரம் இல்லாததால் இரண்டாவது சோதனையை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார். மறுநாள் பார்த்தால் சர்க்கரை அளவு முதல் நாளைவிட ரொம்ப அதிகம். உயிர் போன பிறகும் கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்துக்கொண்டே இருந்திருக்கிறது!

1855-ல் ஒரு நாயின் கல்லீரலை எடுத்து, ரத்தக் குழாய் வழியாகத் தண்ணீரைப் பாய்ச்சி, 40 நிமிடம் கழுவினார். சர்க்கரை துளியும் இல்லாத அளவுக்குக் கழுவியாகிவிட்டது. அப்படியே விட்டுவைத்து மறுநாள் சோதித்தார். மறுபடியும் சர்க்கரை. அப்போ கல்லீரலுக்குள் தண்ணீரில் அடித்துப் போகாத ஏதோ ஒரு சேமிப்பு இருக்கிறது. 1857-ல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் கிளைகோஜன். நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து, வேண்டும்போது எடுத்துக் குத்துவது போல, உடம்பு சர்க்கரையைச் சேர்த்து வைக்கும் வடிவம்.

மூளையில் விழுந்த குத்து

இதற்கு நடுவே 1849-ல் செய்த ஒரு சோதனைதான் பெர்னார்டின் பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது.

கல்லீரல் சர்க்கரையைச் சுரக்கிறது என்றால், அதற்கு உத்தரவு போடுவது யார்? நரம்பாக இருக்குமோ? மூளையின் அடிப்பகுதியில், கழுத்துக்கு மேலே, நான்காவது வென்ட்ரிகிள் என்ற சின்னக் குழி இருக்கிறது. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் போகும் வேகஸ் நரம்பு புறப்படுவது அந்தக் குழியின் தரைப் பக்கத்திலிருந்துதான். அங்கே குத்தித் தூண்டினால் என்ன ஆகும்?

ஒரு முயலின் பின்மண்டை வழியாக மெல்லிய கருவியைச் செலுத்தி அந்த இடத்தில் ஒரே ஒரு குத்து. சிறிது நேரத்தில் முயலின் சிறுநீரில் சர்க்கரை! கணையத்தைத் தொடவில்லை, தீனியை மாற்றவில்லை. மூளையில் ஒரு ஊசிக்குத்து, முயலுக்குத் தற்காலிகச் சர்க்கரை நோய்.

முதல் முயற்சியிலேயே கிடைத்த வெற்றி அது. ஆனா அடுத்தடுத்துச் செய்தபோது பலமுறை தோல்வி. முதல் முறை வந்தது தற்செயல் என்று அவர் விட்டுவிடவில்லை. ஒரே நிலைமையில் ஒரே விளைவுதான் வர வேண்டும், வரவில்லை என்றால் நிலைமையில் எங்கோ வித்தியாசம் இருக்கிறது என்பது அவர் கொள்கை. குத்தும் இடத்தைத் துல்லியமாக வரையறுத்த பிறகு, சோதனை தொடர்ந்து பலித்தது.

இன்னொரு திருப்பமும் உண்டு. வேகஸ் நரம்பு வழியாகத்தான் உத்தரவு போகிறது என்று நினைத்தே சோதனையை ஆரம்பித்தார். உறுதிப்படுத்த அந்த நரம்பை வெட்டிவிட்டுக் குத்தினார். அப்போதும் சர்க்கரை வந்தது. அப்படியென்றால் செய்தி போவது வேறு பாதை, தண்டுவடம் வழியாக. தன் ஊகம் தவறு என்று அவரே எழுதி வைத்தார். ஊகம் தப்பு, கண்டுபிடிப்பு சரி!

எங்கே தவறினார்?

பெர்னார்ட் தொட்டதெல்லாம் பொன்னாகவில்லை. சர்க்கரை நோய்க்குக் காரணம் கல்லீரலும் நரம்பும்தான் என்று அவர் அழுத்தமாக நம்பினார். கணையத்தை ஆராய்ந்த அவரே, கணையத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பைப் பிடிக்கத் தவறினார்.

அவர் இறந்து 11 ஆண்டுகள் கழித்து, 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை முழுவதுமாக அகற்றினார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. 1921-ல் கனடாவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் கணையத்தைப் பார்த்துத் திரும்பியது. பெர்னார்டின் மூளைக் குத்து பாடப்புத்தகத்தில் ஒரு மூலைக்குப் போனது.

அவர் வாழ்ந்தபோதும் எதிர்ப்பு இருந்தது. குடலிலிருந்து வரும் ரத்தத்திலேயே சர்க்கரை இருக்கிறது என்று லூயி ஃபிகியே என்பவர் 1855-ல் வாதிட்டார். அறிவியல் அகாடமி குழு அமைத்து விசாரித்து, பெர்னார்டின் பக்கம் தீர்ப்பு சொன்னது. அவரிடமே பயின்ற ஆங்கிலேயர் பிரெடரிக் பேவி, உயிரோடு இருக்கும்போது கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதில்லை, இறந்த பிறகே அது உருவாகிறது என்று கடைசி வரை சண்டை போட்டார். காலம் பெர்னார்டுக்கே சாட்சி சொன்னது.

வெளியே மாறும், உள்ளே மாறாது

பெர்னார்டின் மிகப் பெரிய சொத்து ஒரு கருத்து. வெளியே வெயில் அடிக்கலாம், பனி கொட்டலாம், சாப்பாடு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் உடம்புக்குள் செல்களைச் சுற்றியிருக்கும் திரவத்தின் சூடு, நீர், சர்க்கரை எல்லாம் ஒரு அளவுக்குள்ளேயே நிற்க வேண்டும். இதை அவர் உட்சூழல் என்று அழைத்தார். அது நிலையாக இருந்தால்தான் உயிர் சுதந்திரமாக இயங்க முடியும் என்பது அவர் வாதம். 20-ம் நூற்றாண்டில் அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன் இதை வளர்த்தெடுத்து, ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார்.

1854-ல் அறிவியல் அகாடமி உறுப்பினர், சோர்போனில் பேராசிரியர். 1855-ல் மஜாந்தி மறைந்ததும் அவர் இடத்துக்கு வந்தார். 1860-களில் வயிற்று நோய் வாட்டியெடுக்க, பிறந்த கிராமத்துக்குத் திரும்பினார். கூடம் இல்லை, கத்தி இல்லை. திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தபடி சோதனை மருத்துவம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு புத்தகம் எழுதினார். 1865-ல் வெளியான அந்தப் புத்தகம் மருத்துவர்களைத் தாண்டி எழுத்தாளர்களையும் தத்துவவாதிகளையும் எட்டியது. நாடகம் எழுத வந்தவருக்கு 1868-ல் பிரெஞ்சு அகாடமியில் இடம் கிடைத்தது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அவரோடு உட்கார்ந்து நீண்ட நேரம் பேசி, நல்ல ஆய்வுக்கூடத்துக்கும் ஏற்பாடு செய்தார். 1869-ல் செனட்டர் பதவி.

வீட்டில் தோற்றவர்

வெளியே புகழ் ஏற ஏற, வீடு உடைந்துகொண்டே போனது. இரண்டு ஆண் குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். பெண்கள் இருவர் மிஞ்சினார்கள். உயிருள்ள விலங்குகளை அறுத்துச் செய்யும் சோதனைகளை ஃபேனியால் ஏற்கவே முடியவில்லை. மகள்களும் அம்மா பக்கம்தான். கடைசியில் 1870-ல் தம்பதி சட்டப்படி பிரிந்தார்கள். அவரை ஆய்வில் நிலைக்க வைத்தது யார் கொண்டுவந்த பணமோ, அவரே அந்த ஆய்வுக்கு எதிரியானார். மனைவியும் மகள்களும் விலங்குகளைக் காக்கும் வேலையில் இறங்கினார்கள்.

ஃபேனியின் கோபத்தை வெறும் வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. மயக்க மருந்தே 1840-களின் இறுதியில்தான் வந்தது. பெர்னார்டின் பல சோதனைகளில் நாய்களும் முயல்களும் பட்ட வேதனை கடுமையானது. அவர் கூடத்தில் சில மாதங்கள் வேலை பார்த்த ஜார்ஜ் ஹோகன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், தான் பார்த்த கொடுமைகளை 1875-ல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்குக் கடிதமாக எழுதினார். பிரிட்டனில் பெரிய விவாதம் வெடித்து, 1876-ல் விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. இன்று பல நாடுகளில் அவர் செய்த மாதிரி யாரும் நினைத்தபடி சோதனை செய்துவிட முடியாது. அந்தத் தடை தேவை என்று உலகத்தை நினைக்க வைத்தவர்களில் அவர் வீட்டுப் பெண்களும் உண்டு.

கடைசி நாட்களில் அவர் தனியாகத்தான் இருந்தார். மாணவர்கள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். சிறுநீரக நோயால் 1878 பிப்ரவரி 10-ல் பாரிஸில் காலமானார். நாடே செலவை ஏற்று அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தியது. பிரான்ஸில் ஒரு விஞ்ஞானிக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை.

அதே இடத்தில் பிடிஎன்எஃப்!

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1982-ல் ஜெர்மனியில் ஈவ் அலென் பார்ட் தலைமையிலான குழு, பன்றி மூளையிலிருந்து மிகச் சிறிய அளவில் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தது. நரம்பு செல்களை உயிரோடு வைத்திருக்கவும் வளரவும் உதவும் புரதம் அது. பிரெய்ன் டிரைவ்டு நியூரோட்ரோபிக் ஃபேக்டர், சுருக்கமாக பிடிஎன்எஃப். ஞாபகசக்திக்கும் கற்றலுக்கும் இது முக்கியம் என்று தெரிந்தது.

1990-களின் இறுதியில் ஒரு ஆச்சரியம். சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ள எலிகளுக்கு பிடிஎன்எஃப் செலுத்தியபோது, ரத்தச் சர்க்கரை இறங்கியது. எலி குறைவாகச் சாப்பிட்டதால் இறங்கியதோ? அதையும் சோதித்தார்கள். அதே அளவு குறைவாகச் சாப்பிட்ட மற்ற எலிகளைவிட பிடிஎன்எஃப் பெற்ற எலிகளுக்குச் சர்க்கரை கூடுதலாகக் குறைந்தது. மாறாக, பிடிஎன்எஃப் மரபணுவின் ஒரு பிரதியை நீக்கிய எலிகள் அளவில்லாமல் தின்று கொழுத்தன.

மனிதர்களில்? பிடிஎன்எஃப் மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2008-ல் வெளியானது. அந்த ஆய்வில் இருந்த அத்தகைய குழந்தைகள் அனைவருக்கும் 10 வயதுக்குள் உடல் பருமன் வந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டென்மார்க் ஆய்வாளர்கள், டைப் 2 சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் பிடிஎன்எஃப் குறைவாக இருப்பதையும், ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது மூளையிலிருந்து வெளிவரும் பிடிஎன்எஃப் குறைவதையும் காட்டினார்கள். அதாவது மூளை சர்க்கரையைப் பாதிக்கிறது, சர்க்கரையும் திரும்பி மூளையைப் பாதிக்கிறது.

எப்படி வேலை செய்கிறது? மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் போதும் என்ற உணர்வைத் தருவதில் பிடிஎன்எஃப்புக்குப் பங்கு உண்டு. எலிகளில் கல்லீரல் வெளியிடும் சர்க்கரையைக் குறைக்கவும், இன்சுலின் நன்றாக வேலை செய்யவும் அது உதவுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் சிலிர்க்க வைக்கும் ஒரு விஷயம். 2005-ல் பிரான்ஸிலேயே நடந்த ஒரு ஆய்வு, பின்மூளையில் வேகஸ் நரம்பு மையம் இருக்கும் பகுதியில் பிடிஎன்எஃப் செலுத்தினால் எலிகள் குறைவாகச் சாப்பிடுவதைக் காட்டியது. அந்தப் பகுதி எங்கே இருக்கிறது? நான்காவது வென்ட்ரிகிளின் தரையில். 1849-ல் பெர்னார்டின் ஊசி தேடிப்போன அதே குழி!

மருந்து வந்துவிட்டதா?

இல்லை. சர்க்கரை நோய்க்கு பிடிஎன்எஃப் மாத்திரையோ ஊசியோ இன்று மருந்துக்கடையில் கிடையாது. எலியில் பலித்ததெல்லாம் மனிதனில் பலித்துவிடாது. பிடிஎன்எஃப்பைக் கூட்டும் என்று சொல்லி விற்கிற பவுடர், கேப்ஸ்யூல்களை நம்பி, டாக்டர் கொடுத்த சுகர் மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து நமக்குத்தான்.

உடற்பயிற்சியின்போது மூளை வெளியிடும் பிடிஎன்எஃப் அதிகரிக்கிறது என்று மனிதர்களில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லும்போது, அதில் கால்களோடு மூளைக்கும் வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லா நோய்க்கும் ஒரே லேகியம் என்று விற்ற கடையில் பாட்டில் கழுவியவர் கிளாட் பெர்னார்ட். அந்த லேகியத்துக்குள் என்ன போகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவர். இன்று பளபளப்பான டப்பாவில் வரும் எந்த அதிசய மருந்தையும் வாங்கும் முன், அவர் அன்று கேட்ட கேள்வியை நாமும் கேட்கலாம். இதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா?